அளவெட்டியில் நிற்கும் மாருதி

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
14.06.2025

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டாரும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. கையில் விபரம் எதுவும் இல்லாமல் பதில் எழுத மனம் வராததால்தான் இத்தனை நாள் தாமதித்தேன்.

நாம் இருவரும் பாதிப் பாதி பணம் போட்டு ஒரு பழைய சின்னக் கார் வாங்குவோம், ஆண்டுக்கொரு முறை நீ இங்கே வந்து நிற்கும் இரண்டு மாதமும் அதைக் கழற்றிப் பூட்டி உன் நெடுநாள் ஆசையைத் தீர்த்துக்கொள்வாய், மீதி நாட்களில் அது என் வீட்டுத் தேவைக்கு ஓடும் என்று எழுதியிருந்தாய். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மனைவியை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. முழங்கால் வருத்தத்தால் அவளால் மோட்டார் சைக்கிளில் ஏறி இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடித்துப் போய், மருந்து எடுக்கும் வரை காத்திருந்து, மீண்டும் ஓட்டோ தேடுவது காசுக் கணக்கை விட உடம்புக்குத்தான் பெரிய செலவாக இருக்கிறது.

ஆகவே பார்க்கத் தொடங்கினேன். முதலில் மானிப்பாயில் ஒரு நிசான் மார்ச். 1990களில் வந்த உருண்டை வடிவக் கார், எஞ்சின் நல்லது. ஆனால் அது கியர் மாற்றத் தேவையில்லாத வகை. அதன் உள்ளே இருக்கும் மின்காந்தக் கிளச் பழுதானால் ஊர்க் கராஜில் கை வைக்க ஆள் கிடைப்பது கடினம் என்று எனக்குத் தெரிந்த மெக்கானிக் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரொயோட்டா ஸ்ராலெற் ஒன்றையும் பார்த்தேன். விலை கேட்டவுடன் திரும்பிவிட்டேன். டைஹட்சு சரேட் ஒன்று சுன்னாகத்தில் ஒரு வளவுக்குள் மாமரத்தின் கீழ் நிற்கிறது. 1977இல் அறிமுகமான அந்த முதல் வடிவம், 993 சிசி, மூன்று சிலிண்டர். படம் அனுப்பினால் உன் மனம் அதிலேயே போய்விடும் என்று தெரியும் என்பதால் வேண்டுமென்றே அனுப்பவில்லை. அது திருத்திப் பார்க்கும் ஆசைக்குரிய கார்; காலை ஏழு மணிக்கு வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டிய வீட்டுக்கு ஏற்றதல்ல.

கடைசியாக அளவெட்டியில் ஒரு மாருதி 800 பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1998ஆம் ஆண்டுக் கார், காபரேற்றர் வகை, நாலு கியர், வெள்ளை நிறம். போர் நிறுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2003இல், உரிமையாளர் கொழும்பிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். அதன் பிறகு வேறு கை மாறவில்லை. வாகனப் புத்தகம் அவருடைய பெயரிலேயே இருக்கிறது. எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட (சசி) இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. கேட்கும் விலை 12½ லட்சம். ஒரு மாருதிக்கு இவ்வளவா என்று நீ திகைப்பாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இங்கே பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இந்த ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்துவிட்டார்கள். ஆனால் வரியோடு வந்திறங்கும் புதியவற்றின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாததால், சின்னக் கார்களின் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எஞ்சினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர். இந்தியாவில் 1983 டிசம்பரில் முதற்கார் கொடுக்கப்பட்டதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை முப்பது ஆண்டுகள் ஓடிய வாகனம். அதற்குரிய பாகங்கள் இங்கே ரவுணுக்குள்ளேயே கிடைக்கின்றன. கிளச் மாற்றத் தெரிந்தவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். எனக்குப் பயமெல்லாம் தகரத்தைப் பற்றித்தான். உன் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றில் அடியில் தனிச் சட்டம் இருந்தது. மேல் தகரம் உக்கினாலும் சட்டம் தாங்கி நின்றது. மாருதியில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகரமே சட்டம், தகரமே உடல். அது கறள் பிடித்தால் கார் முடிந்தது. ரொறன்ரோவில் பனிக்காலத்தில் தெருவில் கொட்டும் உப்பு காரை என்ன செய்யும் என்பதை நீ முப்பது ஆண்டாகப் பார்த்திருக்கிறாய்; இங்கே அதே வேலையைக் கடல் உப்பைச் சுமந்து வரும் சோளகக் காற்று சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. காரைநகரிலோ காங்கேசன்துறையிலோ கடலைப் பார்த்தபடி நின்ற காரென்றால் நான் கிட்டப் போயே பார்த்திருக்க மாட்டேன். அளவெட்டி கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர் என்பதும், கார் கூரை போட்ட கொட்டிலில் நின்றது என்பதும் பெரிய ஆறுதல்.

பார்க்கப் போகும்போது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ் விளிம்பிலும் பின் சில்லுகளின் மேல் வளைவிலும் வைத்துப் பார்த்தேன். இடது பின் வளைவில் மட்டும் ஓர் அடி நீளத்துக்குக் காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அங்கே தகரத்தின் மேல் தடிப்பாகப் பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பிறகு சாரதி இருக்கைக்கு முன்னுள்ள விரிப்பைத் தூக்கினேன். அடியில் சணல் போன்ற பஞ்சு ஈரமாக இருந்தது. அதை விலக்கித் திருப்புளி முனையால் அழுத்திப் பார்த்ததில் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் பொருபொருவென்று உதிர்ந்து கொட்டில் நிலம் தெரிந்தது. முன் கண்ணாடி ரப்பர் வழியாக மாரி மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பற்றறி வைக்கும் தட்டும் அமிலம் பட்டு அரித்துப்போயிருக்கிறது. ஆனால் முன் சில்லுகளின் அதிர்வுதாங்கிகள் மேலே பூட்டப்படும் இரண்டு வட்டங்களும், பின்பக்கத் தாங்கிகள் இணையும் இடங்களும் நல்ல கட்டியாக இருக்கின்றன. அந்த நாலு இடமும் நல்லதென்றால் மற்றவற்றை வெட்டி ஒட்டி எடுக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். நானும் அதை நம்புகிறேன்.

இன்னொன்று றேடியேற்றர். மூடியைத் திறந்தபோது விளிம்பைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. நமது கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் என்ன படியுமோ அதேதான். கண்ட கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அதன் மெல்லிய குழாய்களை அடைத்துவிட்டிருக்கிறார்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலும் நெளிந்துவிடும். வாங்கினால் முதற்செலவு அதற்குத்தான். அதன் பிறகு வடித்த தண்ணீரும் கூலன்ரும் தவிர வேறொன்றையும் உள்ளே விடமாட்டேன்.

இனி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாமா? ஒரே நேரத்தில் முடியாது என்பதே என் எண்ணம். நீ எழுதியபடி எஞ்சினை இறக்கி, உடலைச் சுரண்டி, முழுவதும் பெயின்ற் அடிக்கத் தொடங்கினால், ஒரு பாகம் கொழும்பிலிருந்து வரும் வரை கார் கட்டையில் நிற்கும். நீ விமானம் ஏறிய பிறகும் அது அப்படியே நிற்கும். இப்படிக் கழற்றிப் போட்டுத் தறப்பாளால் மூடிய கார்கள் நம் ஊர் வளவுகளில் எத்தனை நிற்கின்றன என்று உனக்குத் தெரியும். ஆகவே முதலில் இது தினமும் ஓடும் கார். தரைத் தகரம், றேடியேற்றர், டைமிங் பெல்ற், பிறேக், நாலு ரயர்: இவற்றை வாங்கிய முதல் மாதத்திலேயே முடித்துவிடுவேன். அதன் பிறகு நீ வரும்போது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும், இரவுக்குள் மீண்டும் பூட்டி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்கு நீ சம்மதிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள். பெரிய வாகனம் வைத்திருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் மாருதிக்காரர்கள் கிளிநொச்சிக்குப் போய்த் திரும்பியும் கையில் மிச்சம் வைத்திருந்தார்கள். அன்றைக்கே இப்படி ஒரு காரை வாங்கியிருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கொட்டிலில் நின்றபோது உன் நினைவு வந்தது. உரிமையாளர் சோக் பிடியை இழுத்துத் திறப்பைத் திருப்பினார். இரண்டாம் முறையில் பிடித்தது. மூன்று சிலிண்டருக்கே உரிய அந்தச் சிறு நடுக்கத்தோடு நின்றது. போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, உன் அப்பாவின் ஏ40ஐ மண்ணெண்ணெய்யில் ஓட்டியபோது, பொனற்றைத் திறந்து வைத்து, சின்ன மருந்துப் போத்தலிலிருந்து காபரேற்றர் வாய்க்குள் துளித் துளியாகப் பெற்றோல் விடுவது உன் வேலை. மற்றப் பக்கம் நின்று கைப்பிடியைச் சுழற்றுவது என் வேலை. எஞ்சின் சூடேறி மண்ணெண்ணெய்யைப் பிடித்துக்கொள்ளும் வரை நீ மூச்சுக்கூட விடமாட்டாய். ஒரு சொட்டையும் நீ வீணாக்கியதை நான் கண்டதில்லை.

11 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறேன். தரையைக் காட்டித்தான் கேட்டேன். அவரும் மறுக்காமல், பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சம்மதித்தால் அன்றைக்கே பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடுவேன். பெயர் மாற்றாமல், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் பத்திரத்தோடு வைத்திருக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். புத்தகத்தில் எவருடைய பெயர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

கார் சூடில்லாமல் நிற்கும்போது கொஞ்சம் திணறுகிறது, பெற்றோல் மணமும் வருகிறது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். அது அவசரமில்லை, மார்கழி வரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதை நீ வந்து திறப்பாய்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்