புலி அடித்த மாட்டில் நஞ்சு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புல்லை மான் தின்கிறது, மானைப் புலி தின்கிறது என்று உணவுச் சங்கிலியைப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். புலி தின்று மீந்த உடல் என்ன ஆகிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். கடமானின் உடல் கிடந்தால் பாறுக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கும். வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் சில மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றை அவற்றின் இரைப்பை அமிலமே கொன்றுவிடுகிறது. எஞ்சியது மக்கி, மீண்டும் புல்லுக்கு உரமாகிறது.

இந்தக் கண்ணியை அறுத்தது நாம்தான். மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைப் பாழாக்கியது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாறுகளுக்கு அதே கேட்டைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளுக்கோ 2023 வரை தடை இல்லை! ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

புலியிடம் மாட்டைப் பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் புலியைக் கொல்ல அந்த மாட்டின் சடலத்தில் வைக்கும் நஞ்சு, அதே சடலத்தில் இறங்கும் பாறுகளையும் கூட்டத்தோடு அழித்துவிடும். ஆகவே வனத்துறையினரே, மாட்டுக்கான இழப்பீட்டை இழுத்தடிக்காமல் உடனே கொடுங்கள். கால்நடை மருத்துவர்கள் பாறுகளுக்குக் கேடு செய்யாத வலிநீக்கி மருந்தான மெலாக்சிகாமையே எழுதித் தர வேண்டும். மாயாற்றங்கரையில் அவை கூடு கட்டும் நீர்மருது மரங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

– ஒரு வாசகர், மசினகுடி, நீலகிரி மாவட்டம்