களத்து மேட்டிலேயே காசு: தொண்டு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், உழவர்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனிகளான உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குத் துணை நிற்கும் தொண்டு நிறுவனத்தாருக்கு வணக்கம்.

சந்தைப்படுத்தல் என்றதும் சென்னைக் கடைகள், பளபள பாக்கெட், கண்காட்சி ஸ்டால் என்று கிளம்பிவிடுகிறீர்கள். அஞ்செட்டி ராகியும் சித்தேரி மலைச் சாமையும் கைமாறுவதோ களத்து மேட்டில். எடை போட்ட கையோடு வியாபாரி பணத்தை எண்ணி வைக்கிறார். விதைப்புக்கு முன்பணம் கொடுத்தவரும் பல நேரம் அவரே. உழவர் நிறுவனம் மட்டும் "சரக்கு விற்றதும் தருகிறோம்" என்றால் உறுப்பினர் யாரிடம் போவார்?

கணக்கைப் பாருங்கள். 300 உறுப்பினர், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு என்றால் 3 லட்சம். 2020-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் பங்குத் தொகைக்கு இணையாகத் தரும் மானியமும் கிடைத்தால் 6 லட்சம். ராகிக்கு 2025-26 ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்த விலையில் 10 டன் ராகி எடுத்தால் 4,88,600 ரூபாய். ஒரே லாரி லோடு! அந்தப் பணம் திரும்பும்வரை தராசுக்கு வேலையில்லை. பயிற்சிக் கூட்டங்களில் நாலைக் குறைத்தாவது அறுவடை மாதங்களுக்குச் சுழல்நிதி வையுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்து, அந்தச் சரக்கை ஈடு காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கவும் பழக்குங்கள்.

தார்ச்சாலையில் பரப்பி வண்டி ஏற்றி அடித்த ராகியில் கல்லும் மண்ணும் சேரும். கொள்முதலில் முதலில் திரும்புவது அந்த மூட்டைதான். களத்துக்கொரு தார்ப்பாய், ஊருக்கொரு ஈரப்பதமானி போதும். பல்லில் கடித்துப் பார்ப்பது அனுபவசாலிக்குச் சரி, பில்லுக்கு ஆகாது. ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

சாமையில் வேறு சங்கடம். அரிசியாக்கி அடுக்கிவைத்தால் தவிட்டு எண்ணெய் கெட்டுச் சில மாதங்களில் சிக்கு வாடை வரும். உமியோடு வைத்திருந்து, ஆர்டர் வந்தபின் அரைக்கச் சொல்லுங்கள். 100 கிலோவுக்கு 60 கிலோவை ஒட்டித்தான் அரிசி தேறும். காயாத சாமையை மில்லில் போட்டால் நொய் கூடி அதுவும் குறையும். சாமை விலையோடு அரைவைக் கூலியை மட்டும் கூட்டி அரிசி விலை சொன்னால் ஒவ்வொரு மூட்டையும் நட்டம்தான்.

கம்பெனிப் பதிவாளருக்குப் போகும் ஆண்டுப் படிவங்கள் இரண்டு. தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டையும் ஓராண்டு விட்டால் 73,000. அந்த மத்திய அரசுத் திட்டத்தில் மேலாண்மைச் செலவுக்கான உதவி மூன்றாண்டில் நின்றுவிடும். அதற்கு முன்பே உள்ளூரில் ஒருவருக்குக் கணக்கு எழுதப் பழக்கி, ஆடிட்டர் கட்டணத்தையும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு வண்டி ஏறுங்கள்.