திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனஸ்தீசியா (மயக்க மருந்து) பி.ஜி., அதாவது டாக்டர் மேற்படிப்பு; உனக்குப் பிடித்தவர் ஜெனரல் சர்ஜரி பி.ஜி. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பேட்ச், ரசனையும் ஒன்று. பழகலாமா என்று கேட்கிறாய். தாராளமாகப் பழகு. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்காத ஆள் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஒரே தொழில் என்பதில் சிக்கல் இல்லை, ஒரே ஆபரேஷன் தியேட்டரில் நிற்பதில்தான் இருக்கிறது.

ராத்திரி ஒரு மணிக்குக் குடல் அடைப்பு கேஸ் வருகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, ரொம்பக் குறைவு என்று வை. அதைச் சரிசெய்துவிட்டு ஆபரேஷனுக்கு எடுக்கலாம் என்பாய். கை நரம்பு வழியாகப் பொட்டாசியத்தை மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட் (அளவு) என்பதற்கு மேல் ஏற்ற மாட்டோம், அதனால் நேரமாகும். அதற்குள் குடல் அழுகிவிடும் என்பார் அவர். ரெண்டு பேர் சொல்வதும் நியாயம். ஆனால் எதிரே நிற்பவர் அவர் என்பதால் நீ விட்டுக்கொடுத்தாலும் தப்பு, விட்டுக்கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று முறுக்கிக்கொண்டாலும் தப்பு. இழுபறி வந்தால் உங்களுக்குள் முடிக்காதீர்கள், டியூட்டி அசிஸ்டென்ட் புரொபசரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ரோஸ்டர். அவர் யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாள் திங்கள் என்றால் அன்று முழுக்க அவர் உள்ளே, செவ்வாய் சாயங்காலம்தான் வெளியே வருவார். உன் நைட் புதன்கிழமை விழுந்தால் வாரத்தில் பாதி போய்விடும். உன் நைட்டையும் திங்களுக்கு மாற்றலாம், ஆனால் மறுபடி அதே தியேட்டர். அதற்கு ஒரு வழி உண்டு. திங்கள் நைட்டைப் பிரசவ தியேட்டரிலோ ஐ.சி.யூ.விலோ கேட்டு வாங்கு. ரோஸ்டர் ஒட்டிய பிறகு கேட்டால் நடக்காது, போடுகிற சீனியரிடம் முன்னாடியே சொல்லிவை. காரணம் கேட்டால் "சொந்த விஷயம்" போதும். தியேட்டரில் ஒருவருக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி.

மாவட்ட ஆஸ்பத்திரி போஸ்டிங் மூன்று மாதம் இருக்கிறதே, அதையும் பார். நீ ஒரு சுற்றிலும் அவர் அடுத்த சுற்றிலும் போனால் ஆறு மாதம் ஆளுக்கொரு ஊர். முடிந்தால் ஒரே சுற்றில் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி, இந்த எம்.எஸ். முடித்து அவர் எம்.சிஎச். (அதற்கும் மேலான சர்ஜரி படிப்பு) போகிறாரா என்பது. அது இன்னொரு மூன்று வருஷம். சீட் அதற்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். ரேங்க்கைப் பார்த்துத்தான், நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று கவுன்சலிங்கில் யாரும் கேட்கப் போவதில்லை. எந்த ஊர் கிடைத்தாலும் போவாரா, சென்னை கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் காத்திருப்பாரா? இதைக் கேட்கச் சங்கடப்படாதே.

ரசனை ஒத்துப்போவதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். சாப்பிடும்போது கேஸ் பேச்சு தானாக வரும், வரட்டும். நோயாளியின் படமும் ரிப்போர்ட்டும் மட்டும் உங்கள் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது.

ஒருவேளை ஒத்துவராமல் போனாலும் கோர்ஸ் முடிகிறவரை திரைக்கு அந்தப் பக்கம் அவர் வெட்டுவார், இந்தப் பக்கம் நோயாளியின் தலைமாட்டில் நீ நிற்பாய். அப்போதும் பிளட் லாஸ் எவ்வளவு என்று நீ கேட்டால் அவர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாரா? திட்டு வாங்கிய அன்று நர்ஸிடமும் ஜூனியரிடமும் எப்படிப் பேசுகிறார் என்று இப்போதே கவனி.

அன்புடன்,
அக்கா