பனல் எரிந்த கதை

அன்புள்ள குகன்,

ஐந்து மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீயும் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு இருந்தாய். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் கரைச்சல், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கொட்டான் மூன்றாவது தடவையாகக் கடைக்குப் பெயர் மாற்றிவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது நடந்துவிட்டது.

போன செவ்வாய் மத்தியானம். சோளகக் காற்று உரமாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வளவு அன்ரி கூட்டி அள்ளிய பூவரசஞ் சருகுக்கு நெருப்பு வைத்திருக்கிறார். பொறி பறந்து நடு வேலியில் விழுந்தது. இரண்டு வருஷமாக அடைக்காத கிடுகு வேலி, கேட்க வேண்டுமா? வேலி எரிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள், நாலு வாளித் தண்ணீரோடு முடிகிற அலுவல். அதனால் கிணற்றடிக்கு நான் ஓடக்கூட இல்லை, நடந்துதான் போனேன். திரும்பி வந்தால் என் வீட்டுச் சுவர் எரிகிறது.

ஆறு அங்குலக் கல்லுச் சுவர், மச்சான். அது எரியவில்லை. அதன்மேல் வடிவுக்கென்று நான் காசு கொடுத்துப் பூட்டிய அலுமினியப் பனல்தான் எரிந்தது. பனலுக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டிச் சட்டம் அடித்த இரண்டு அங்குல இடைவெளி இருக்கிறதல்லவா, அதற்குள் நெருப்பு புகைபோக்கிக்குள் ஏறுவது போல ஏறியது. நான் கீழே தண்ணீர் ஊற்றுகிறேன், அது மேலே ஜன்னலடியில் தலையைக் காட்டுகிறது. அதைவிட அந்தச் சொட்டு! ஒவ்வொரு துளியும் எரிந்தபடியே விழுந்தது. அம்மாவின் மல்லிகைத் தொட்டி போய்விட்டது. மேசன் பெடியன் ஏணி வைத்து ஏறி, அலவாங்கால் பனலைப் பிய்த்து விழுத்திய பிறகுதான் அடங்கியது. சீமெந்துத் தரையில் இன்னும் கறுத்த மெழுகு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், வருகிறதாக இல்லை.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன்தான். "அலுமினியம் எரியுமா தம்பி?" என்றார். எரியாதுதான். அது உருகவே 660 பாகை வேண்டும். ஆனால் வெளியில் தெரிகிறது கடதாசி மாதிரி மெல்லிய இரண்டு தகடு. நடுவில் இருக்கிறது பொலித்தீன், சந்தைக்குக் கொண்டுபோகிற பை இருக்கிறதே, அதே சாமான். நூறு பாகை தாண்டினால் இளகத் தொடங்கிவிடும். இதைத்தான் நீ போனில் சொன்னாய். 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் ரவர் என்ற அடுக்குமாடி எரிந்து 72 பேர் செத்ததும் இதே மாதிரிப் பனலால்தான் என்றாய். நான் என்ன சொன்னேன்? "அது 24 மாடி, என்னுடையது ஒன்றரை மாடி, லண்டனில் இருந்து பயம் காட்டாதே" என்று போனை வைத்தேன். அதற்குத்தான் இந்த ஐந்து மாதம். மன்னித்துக்கொள், ஆனால் வந்து சொல்லிக் காட்டாதே.

உன்னைப் பகிடி பண்ணியதும் ஞாபகம் வருகிறது. உன் லண்டன் வீட்டுப் பக்கச் சுவர் எல்லையிலிருந்து 1 மீற்றருக்குள் நிற்கிறது என்று வெறும் மரப்பலகை அடிக்க அங்கே விடவில்லையே, நெருப்புக்குத் தரம் பிரிக்கிற பி-எஸ்3, டி2 வகுப்பாவது வேண்டும் என்று. அதில் எஸ் என்றால் புகை, டி என்றால் சொட்டு என்று நீ சொல்ல, சொட்டுக்குமா சட்டம் என்று சிரித்தேன். இப்போது தேடிப் படித்தேன். டி2 என்றால் சொட்டுக்குக் கட்டுப்பாடே இல்லையாமே? எரிகிற சொட்டைக் கண்ணால் கண்டவன் கேட்கிறேன், அதை ஏன் விட்டார்கள்?

எனக்குப் பிளான் பாஸ் பண்ணித் தந்தவர்கள் நாடா பிடித்து எல்லை இடைவெளியை அளந்தார்கள். சுவருக்கு மேல் என்ன பூட்டப் போகிறாய் என்று கேட்கவில்லை. நானும் பிளானில் காட்டவில்லை, பனல் ஆசை பிறகு வந்தது. சொந்தமாக வீடு கட்டுகிறவனுக்கு இதுதான் வில்லங்கம்: அவனே முதலாளி, அவனே என்ஜினியர், மறிக்க ஆளில்லை. அதோடு உங்கள் 1 மீற்றர்க் கணக்கு, பக்கத்து வீடு எரிந்தால் என்ற யோசனையில் போட்டது. எங்கள் ஊரில் எல்லையிலேயே விறகை அடுக்கி அதற்கு வேலி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது மேற்குப் பக்கத்தை நினைத்தால்தான் நித்திரை இல்லை. அங்கே புது வீடு எழும்புகிறது, முகப்பு முழுக்கப் பனல். என் சுவருக்கும் அதற்கும் நடுவில் நான் சரிந்து நடந்தால் போகலாம், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "உங்களுடையது மலிவுப் பனல் அண்ணை" என்கிறார். நடுவில் என்ன என்று வெட்டிய துண்டொன்று கேட்டிருக்கிறேன், தருவதாக இல்லை. மூலையில் கிடந்ததை நானே எடுத்து வந்து பின் வளவில் கொளுத்திப் பார்த்தேன். சொட்டியது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? அந்தத் துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். நீ ஒருக்கால் அவரோடு கதை, லண்டன்காரன் சொன்னால் கேட்பார். எனக்கு வெறும் சீமெந்துப் பூச்சே போதும். அம்மாவுக்கு ஒரு மல்லிகைக் கன்று நீ வாங்கித் தரவேண்டுமாம், நீ சாபம் போட்டுத்தான் எரிந்தது என்கிறார்.

உன்,
கணக்கன்