சனிக்கிழமை காலை எட்டு மணி

சன்ஷைன், மெல்பர்ன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன புதன்கிழமை போனில், "சனி ஞாயிறு தனியா உக்காந்து என்னடா பண்ற?" என்று கேட்டாய். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் எனக்கு அதற்கு மேல் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். அக்காவை வாசிக்கச் சொல்லாதே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே படி.

ஒன்று விட்டு ஒரு வாரக்கடைசி பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். வெள்ளி சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கூட்டிக்கொள்வேன். ஞாயிறு ஆறு மணிக்கு அவர்கள் அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டும். எங்கள் விவாகரத்தைப் பற்றிச் சித்தப்பா இன்னும் "தப்பு யார் மேல?" என்று கேட்கிறாராமே. இந்த நாட்டில் 1975-இல் வந்த குடும்பச் சட்டப்படி, கோர்ட்டே அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 12 மாதம் பிரிந்து இருந்தார்களா, இனிச் சேர வாய்ப்பில்லையா, அவ்வளவுதான் பார்க்கிறது. நீதிபதி கேட்காததைச் சித்தப்பாவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

இப்போது இங்கே குளிர்காலம். ஊர்ப் பெயர் சன்ஷைன், ஆனால் ஜூலையில் விடியவே ஏழரை ஆகிவிடுகிறது. தோசை மாவு லேசில் புளிக்காது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல், அதன் உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைத்துவிடுவேன். காலையில் நன்றாகப் பொங்கியிருக்கும். சனிக்கிழமை ஓட்டத்துக்குப் போய் வந்த பிறகு ஆளுக்கு நாலு தோசை. சின்னவன் ஐந்து.

ஓட்டம் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். பார்க்ரன் என்று பேர். 2004-இல் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடித் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. இங்கே சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு, 5 கிலோமீட்டர். காசு கிடையாது. ஒரு தடவை பெயரைப் பதிந்தால் பார்கோடு ஒன்று தருவார்கள், அது போதும். ஓடலாம், நடக்கலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டும் வரலாம். நாங்கள் போவது ஆல்பர்ட் பார்க் ஏரிக்கு. கார் பந்தயம் நடக்கிறதே, அதே ஏரிதான். ஒரு சுற்று சுற்றினால் 5 கிலோமீட்டர் சரியாக வந்துவிடும். கரையில் கறுப்பு அன்னங்கள் நிற்கும். இங்கே அன்னம் கறுப்பு அம்மா! நாம் பாட்டில் படித்த வெள்ளை அன்னத்தைச் சின்னவனுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்த கால்தானே என்ற திமிரில் முதல் நாள் ஓடினேன். ஒரு கிலோமீட்டரிலேயே நெஞ்சு அடைத்தது. கோர்ட்டுக்கு அலைந்த அந்த வருஷத்தில் 11 கிலோ கூடியிருந்தேன். அப்புறம் நடந்தே முடித்தேன், 52 நிமிஷம். இப்போது தனியாக ஓடினால் 33.

ஆனால் பிள்ளைகள் வரும் வாரம் அப்படி ஓட முடியாது. அங்கே ஒரு விதி உண்டு: 11 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை, கூட வந்த பெரியவரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். பெரியவளுக்கு 12, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பறந்துவிடுவாள். சின்னவனுக்கு ஒன்பது. அவன் முதல் கிலோமீட்டரை அம்பு மாதிரி ஓடுவான், இரண்டாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மூன்றாவதில் ஷூ நாடா அவிழும், நாலாவதில் பேச ஆரம்பிப்பான். மேசையில் எதிரே உட்கார வைத்து "ஸ்கூல்ல என்னடா நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பவன், பக்கத்தில் நடக்கும்போது எல்லாம் சொல்கிறான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. நேற்று, வகுப்பில் தன்னை மாதிரியே "ரெண்டு வீடு" உள்ள பையன் ஒருவன் இருக்கிறான் என்றான். "அவனுக்கு ரெண்டு வீட்லயும் நாய் இருக்குப்பா" என்று அதிலும் ஒரு குறை.

பெரியவளைப் பற்றி என்ன எழுத? கொரியப் பாட்டுப் பைத்தியம். பிடிஎஸ் என்று ஒரு குழு, ஏழு பையன்கள். சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் பரீட்சை. சீட்டுக்கட்டு அளவு போட்டோ அட்டைகளை மேசையில் பரப்பி, "இது யாரு?" என்பாள். தலைமுடி நிறத்தை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் மனிதன் எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஆனாலும் மனப்பாடம் செய்துவிட்டேன்: ஆர்எம், ஜின், சுகா, ஜேஹோப், ஜிமின், வி, ஜங்குக். ஜிமினையும் ஜங்குக்கையும் மாற்றிச் சொன்னதற்கு நேற்றும் திட்டு விழுந்தது. அந்த நாட்டில் ஆண்களுக்குக் கட்டாய நாட்டுப் பணி இருக்கிறது. ஏழு பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டு 2025-இல் முடித்து வந்தார்கள். அதுவரை காலண்டரில் கட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். நோட்டு அட்டையில் ரஜினி படம் ஒட்டியதற்கு அப்பா என்னை அடித்தது ஞாபகம் இருக்கிறதா? நான் இவளுக்கு அட்டை வைக்க ஆல்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கொரிய எழுத்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். தமிழில் இன்னும் 'ழ' போடத் தடுமாறுகிறாள், அது வேறு விஷயம்.

இன்று வெரிபீ மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். இங்கே சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, அதனால் என்னை மாதிரி அப்பாக்கள் நிறைய வருவார்கள். தண்ணீர், மாற்றுத்துணி, பழம், மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்துச் சுமப்பவரைப் பார்த்தால் எங்களுக்குள் தெரிந்துவிடும், தலையாட்டிக்கொள்வோம்.

நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் போய்விட்டது என்று போனில் அழுதாயே, அதற்கு அடுத்த மாதம்தான் மெல்பர்ன் நகரத்து மிருகக்காட்சி சாலையிலிருந்த ஒன்பது யானைகளையும் வெரிபீக்கு மாற்றினார்கள். பரந்த வெளி. நெற்றியில் பட்டை இல்லை, மணி இல்லை, பாகன் பக்கத்தில் இல்லை. மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு அதுபாட்டுக்கு நிற்கிறது. சின்னவன் கம்பிவேலி ஓரம் தலையைக் குனிந்து வெகுநேரம் நின்றான். என்னடா என்றேன். "ஆச்சி சொன்னாங்கள்ல, தலைல தும்பிக்கை வைக்கும்னு." தூரம் அதிகம்டா என்றேன். நானே அவன் தலையில் கையை வைத்து, புஸ்ஸென்று ஊதினேன். "உனக்கு காசு கிடையாது" என்றான்.

ஆறு மணிக்கு விட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகளின் அம்மா வாசலுக்கு வந்து, மழைக்கோட்டை மறக்காமல் கொடுத்தீர்களா என்று கேட்டாள். கொடுத்தேன். பேச்சு அவ்வளவுதான், ஆனால் சண்டை இல்லை.

வீசா விஷயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழங்கால் என்று சாக்குச் சொல்லாதே. பார்க்ரனில் எல்லாருக்கும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை விடுவார்கள். நீ எவ்வளவு மெதுவாக நடந்தாலும் உனக்குப் பின்னால்தான் அவர் வருவார். சேலையோடேயே நடக்கலாம். ஷூ அளவு மட்டும் அக்காவிடம் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
உன் மகன்