ராசி வேறு, விண்மீன் குழு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பதின்மூன்றாவது ராசி வந்துவிட்டது, உங்கள் ராசி மாறிவிட்டது' என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. படிப்பவர்கள் கலங்கிப் போகிறார்கள். கலங்கத் தேவையே இல்லை.

ராசி என்பது ஓர் அளவு. வானில் சூரியன் செல்லும் பாதையைத் தலா 30 பாகை (டிகிரி) கொண்ட பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்தவர்கள் பாபிலோனியர்கள். கண்ணுக்குத் தெரியும் விண்மீன் குழுக்களோ சமமானவை அல்ல. சர்வதேச வானியல் ஒன்றியத்துக்காக 1930-ல் வகுக்கப்பட்ட எல்லைகளின்படி, சூரியன் கன்னியைக் கடக்க ஏறத்தாழ 45 நாள் ஆகும். விருச்சிகத்தைக் கடக்க ஒரு வாரம் போதும். அதன்பின் சுமார் 18 நாள், 'பதின்மூன்றாவது ராசி' என்று சொல்லப்படும் ஒஃபியூக்கஸ் குழுவில் இருக்கும். பாம்பைப் பிடித்து நிற்கும் இந்த உருவம், இறந்தவரையும் எழுப்பியதால் கடவுளரின் தலைவன் சீயஸின் இடிக்கு இரையான மருத்துவன் அஸ்கிலேபியஸ் என்பது கிரேக்கக் கதை. பண்டைய வானியலாளர் தாலமி தொகுத்த 48 குழுக்களிலேயே இது உண்டு. புதிதாக எதுவும் வரவில்லை.

கிரேக்கக் கதைகள் பலவற்றில் கூர்ந்த வான்நோக்கு ஒளிந்திருக்கிறது. பூமியின் விலங்குகளையெல்லாம் கொல்வேன் என்று இறுமாந்த வேடன் ஒரையனைக் கொல்லப் பூமித்தாய் அனுப்பியதுதான் தேள். இரண்டையும் வானில் எதிரெதிராக வைத்தார்கள். தேள் கிழக்கே எழும்போது ஒரையன் மேற்கே மறைவதைப் பார்த்தவர்கள் கட்டிய கதை இது. ஜூலை முன்னிரவில் தெற்கே பாருங்கள். செந்நிறக் கேட்டை தேளின் நெஞ்சு. கொக்கிபோல் வளைந்த வால்நுனி மூலம். கொடுக்குகளை மட்டும் காணோம்! அவற்றைத் துலாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். துலாமின் பிரகாசமான இரண்டு விண்மீன்களுக்கு 'தென் கொடுக்கு', 'வட கொடுக்கு' என்று பொருள்படும் அரபுப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

இந்த உருவங்கள் பூமியிலிருந்து பார்க்கும் நமக்கு மட்டுமே உரியவை. கிரேக்கக் கதையின் வீரன் ஹெராக்ளிஸ் கொன்ற சிங்கத்தின் நெஞ்சிலுள்ள மகம் 79 ஒளியாண்டு தொலைவு. வாலிலுள்ள உத்திரம் 36தான். வேறிடத்திலிருந்து பார்த்தால் சிங்கம் கலைந்துவிடும். அதன் வீரம் அந்த ராசிக்காரருக்கு வரும் என்பது சோதிடத்தின் நம்பிக்கை. வானியலில் அதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ராசிக் கணக்கின் தொடக்கமான மார்ச் சமநாள் புள்ளி (பகலும் இரவும் ஏறத்தாழ சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் இடம்) 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. மேலை சோதிடம் இன்றும் அந்தப் புள்ளியையே மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறது. இந்திய சோதிடம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை இடைவெளி. ஏப்ரல் 5-ல் சூரியன் அங்கே மேஷம், இங்கே மீனம். போதாததற்கு, மேலைநாட்டார் சொல்வது பிறந்தபோது சூரியன் நின்ற ராசி. நாம் சொல்வது சந்திரன் நின்றது. இரண்டையும் ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்?

வான்நிகழ்வுச் செய்திகளில் 'சிம்ம ராசியில் நிலா' என்று எழுதாமல், 'சிம்ம விண்மீன் குழுவில்' என்று எழுதுங்கள். கூடவே சிறு வரைபடமும், பார்க்க வேண்டிய திசையும் நேரமும் தந்தால் வாசகர்கள் மொட்டைமாடிக்குப் போய்த் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்