கண்டபடி சுட்ட சுண்ணாம்பு அல்ல, ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் பழைய கட்டடங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வரி, "அந்தக் காலத்தில் விறகைப் போட்டுக் கண்டபடி சுட்ட சுண்ணாம்பு" என்று. அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை. என் தாத்தா கடற்கரைக் காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், பவளக்கல் சுட்டவர். கண்டபடி சுடவில்லை ஐயா.

கல் வேக ஏறக்குறைய 900 டிகிரி சூடு வேண்டும், வெந்தால் 100 கிலோ கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய்விடும், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் ஒரு கட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பார், கனம் குறையவில்லை என்றால் உள்ளே பச்சையாக இருக்கிறது என்று தனியே எறிவார். விறகுத் தீ நிதானமான தீ, நாள்கணக்கில் எரியும். அப்படி மெதுவாக வெந்த கல்லில் நுண்துளைகள் மூடாமல் இருக்கும், தண்ணீர் பட்டதும் சீறிக் கொதித்துப் பூவாக உதிரும். சூடு 1,200 டிகிரியைத் தாண்டினால் துளைகள் இறுகிவிடும், அந்தக் கட்டி தண்ணீருக்குள் மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். காளவாயில் எல்லாக் கட்டியும் ஒன்றுபோல வேகாது என்பது உண்மைதான், தீக்குப் பக்கத்தில் இருப்பது அதிகம் வெந்துவிடும், ஓரத்தில் இருப்பது வேகாது. அதற்காகத்தானே பொறுக்குவதும் சலிப்பதும் குழியில் மாதக்கணக்கில் ஊறப்போடுவதும்! பழைய காரையில் பயறு அளவுக்கு வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் அதை வேலைக் குறை என்கிறார்கள். சுட்ட கல்லை மணலோடு சேர்த்தே தண்ணீர் விட்டு நீற்றிய காரையில் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஊர்க் கோவில் மதிலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரர் எங்கிருந்தோ மூட்டையில் சுட்ட சுண்ணாம்பு வாங்கி வந்தார். தொட்டியில் போட்டு அரைமணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. பத்து நாளாவது ஊறட்டும் என்று கெஞ்சினேன், மறுநாளே பூசிவிட்டார்கள். நீறாமல் உள்ளே கிடந்த துணுக்குகள் சுவரில் ஈரம் இழுத்து உப்பி, ஒரு வருஷத்துக்குள் மதில் முழுக்க அம்மைத் தழும்பு. அப்புறம் என்ன, சுண்ணாம்பே சரியில்லை என்று அதன்மேல் சிமெண்ட் பூசினார்கள். இப்போது கருங்கல்லுக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் உள்பக்கம் கசிகிறது.

இதை அப்போதே எழுதி அனுப்பினேன், நீங்கள் போடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலில் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது நீங்கள் கொண்டுவந்த சிறப்பிதழில் கல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, கல்லைப் பிடித்துவைத்திருக்கும் காரைக்கு ஒரு வரி இல்லை. பிரெஞ்சுக்காரர் லாபூர்தொனே 1735-ல் கவர்னராக வந்த பிறகு இந்த நகரத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார்கள் உங்கள் பக்கங்களில் எப்போதும் "கூலியாட்கள்"தான். கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று எழுத ஏன் ஐயா மனம் வரவில்லை? இருபது வருஷமாகச் சந்தா கட்டுகிறேன், அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

பவளத்தை மறுபடி வெட்டிச் சுடுங்கள் என்று நான் சொல்லவில்லை, கடல் பாழாகும். சுண்ணாம்புக்கல்லையும் விறகில் பதமாகச் சுடலாம், அது வேறு பேச்சு. கட்டுரையோடு வந்த படத்தின் கீழே "பழைய அடுப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். அது அடுப்பு அல்ல, சுண்ணாம்புக் காளவாய். அடுத்த இதழில் அந்த ஒரு சொல்லையாவது திருத்திப் போடுங்கள்.

வணக்கத்துடன்,
மொரீஷியஸிலிருந்து ஒரு பழைய வாசகர்